வாக்குச்சீட்டு வாசித்த லாய் டீச்சர்

எங்கள் ஊரில் வார்டு தலைவர் என்பது அப்படியொன்றும் பெரிய பதவி இல்லை. சாக்கடை அடைத்துக்கொண்டால் முதலில் திட்டு வாங்குகிறவர் அவர்தான். இருந்தும் பழைய தலைவர் சியூ பெரியவர் மார்ச் மாதம் காலமானதும் அந்த நாற்காலிக்கு வந்த இடைத்தேர்தலில் வார்டே இரண்டாகப் பிளந்தது. ஒருபக்கம் பெரியவரின் தம்பி மகன் சியூ வென்-லுங். எதிர்ப்பக்கம் கோயிலுக்கு எதிரே காலைச் சிற்றுண்டிக் கடை நடத்தும் வெங் ஸு-மெய். கடைசியில் ஒரே ஓட்டில் வெங் ஜெயித்தார். அந்த ஒரு ஓட்டுக்காக லாய் டீச்சரை நீதிமன்றம்வரை இழுத்தார்கள். நான் முதலிலிருந்து கடைசிவரை கூடவே இருந்தவன்.

என் பெயர் யெ குவாங்-சின். ஊர் ஆரம்பப் பள்ளியில் அலுவலக எழுத்தர். சியாயி மாவட்டத்துக் கடலோர ஊர்களில் தேர்தல் வந்தால் பள்ளிக்கூடத்து ஆட்களையும் நகர அலுவலகத்து ஆட்களையும்தான் வேலைக்குப் பிடிப்பார்கள். என் வேலை கோடு போடுவது. மாலை நாலு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்ததும் அதே கூடத்தில், கதவை விரியத் திறந்து வைத்து, ஊர் ஜனம் பார்த்துக்கொண்டு நிற்க, எண்ணிக்கை தொடங்கும். ஒருவர் பெட்டியிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்துக் கொடுப்பார். வாசிப்பவர் அதைத் தூக்கிப் பிடித்து, எல்லோருக்கும் தெரியும்படி இப்படியும் அப்படியும் திருப்பி, "ஒண்ணாம் நம்பர், ஒரு ஓட்டு!" என்று கூவுவார். சுவரில் ஒட்டிய பெரிய தாளுக்கு முன்னால் நிற்கும் நான், "ஒண்ணாம் நம்பர், ஒரு ஓட்டு!" என்று திருப்பிச் சொல்லி ஒரு கோடு இழுப்பேன். ஐந்து கோடு சேர்ந்தால் ஒரு சீன எழுத்து முழுசாகும், அதாவது ஐந்து ஓட்டு. அப்புறம் அடுத்த எழுத்து.

பதினோரு வருஷமாக எனக்கு வாசிப்பவர் லாய் டீச்சர்தான். நாலாம் வகுப்பு ஆசிரியை, முழுப்பெயர் லாய் பெய்ஷான், வயது நாற்பத்தொன்று. குரல் மணி மாதிரி இருக்கும் என்று சொல்ல மாட்டேன். மீன் ஏலம் விடுகிற குரல். கடைசி வரிசையில் நிற்கிறவனுக்கும் ஓர் எழுத்து சிதறாமல் போய்ச் சேரும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, இதயம் மட்டும் நிதானத்துக்குத் திரும்பவில்லை. உட்கார்ந்திருந்தால் நிமிஷத்துக்கு நூற்றைந்து, நின்றால் நூற்று முப்பது. மாடி ஏறினால் இன்னும் மேலே. அதோடு தோள், இடுப்பு, முழங்கால், விரல் மூட்டு என்று ஒன்று மாற்றி ஒன்று வலி. ஒருநாள்கூட விடுமுறை எடுக்காத வலி. சியாயி, தைனான், கௌஷுங் என்று எத்தனையோ டாக்டர்களைப் பார்த்தார். இதயத்தைப் படம் எடுத்துவிட்டு, "இதயம் ரொம்ப நல்லா இருக்கு. நீங்கதான் ரொம்ப யோசிக்கிறீங்க" என்று திருப்பி அனுப்பினார்கள்.

"யோசிக்காம எப்படி அண்ணே இருக்கிறது?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். "நாலாம் வகுப்புக்கு முப்பத்திரண்டு பிள்ளைங்க. யோசிக்கலேன்னா ரெண்டு பேர் ஜன்னல் வழியா குதிச்சிருப்பாங்க."

ஒன்பதாவதாகப் பார்த்த டாக்டர், ஒரு சின்னப் பெண், அவரைப் படுக்கவைத்தும் நிற்கவைத்தும் துடிப்பை எண்ணிவிட்டு, "இது உங்க கற்பனை இல்ல, நிஜமாவே ஓடுது" என்று சொன்னாராம். அந்த ஒரு வாக்கியத்துக்காகத் திரும்பி வரும் ரயில் முழுக்க அழுதுகொண்டே வந்ததாக டீச்சர் சொன்னார். அப்புறம் ஒரு சின்ன மாத்திரை, நிறைய உப்புத்தண்ணீர், தொடைவரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை. இதெல்லாம் வந்தும் நோய் போகவில்லை. அதோடு வாழப் பழகினார். பூப்பந்து விட்டார். மலையேற்றம் விட்டார். கணவரோடு அதிகாலையில் சிப்பிப் படகில் போவதை விட்டார். சீட்டு வாசிப்பதை மட்டும் விடவில்லை.

அந்த மே மாதம் சனிக்கிழமை காலை, வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் சாய் அக்கா வேலைகளைப் பிரித்துக் கொடுத்தார். நகர அலுவலகத்துக்காரர், நல்ல மனுஷி.

"லாய் டீச்சர், இன்னிக்கு வெயில் மண்டையப் பொளக்குது. உங்களுக்கு உட்கார்ற வேலையா குடுக்கிறேன். பெயர்ப் பட்டியல் பாருங்க."

"உட்கார்ந்தா இடுப்பு வலி, நின்னா நெஞ்சு ஓட்டம். எனக்கு எல்லா வேலையும் ஒண்ணுதான் அக்கா. அதனால பிடிச்ச வேலையைக் குடுத்துடுங்க."

"நடுவுல விழுந்துட்டா?"

"ஒன்பது வருஷத்துல வேலையில ஒரு தடவகூட விழுந்ததில்ல. விழப்போறேன்னா எனக்கு முன்னாடியே தெரியும். நானே உட்கார்ந்துடுவேன்."

சாய் அக்கா என்னைப் பார்த்தார். நான் பேனாவைத் திறந்து மூடினேன். "அவங்க வாசிச்சா எனக்குக் கோடு தப்பாது" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

நாலு மணிக்குப் பெட்டியைத் திறந்தோம். கூடத்தில் நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள். சியூ தரப்பில் முன்வரிசையில் நின்றவர் ஆ-தெக். மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்காரர். வாயில் பாக்கு, கையில் போன். தொடக்கத்திலிருந்தே படம் பிடித்துக்கொண்டிருந்தார். அதில் தப்பில்லை. பார்க்கிறவர்கள் பிடிக்கலாம்.

எனக்குச் சுவர்தான் தெரியும். முதுகுப் பக்கமிருந்து டீச்சரின் குரல் வந்தது. ரெண்டாம் நம்பர், ஒரு ஓட்டு. ஒண்ணாம் நம்பர், ஒரு ஓட்டு. ஒண்ணாம் நம்பர், ஒரு ஓட்டு. நான் திருப்பிச் சொல்வேன், கோடு இழுப்பேன். மேலே மின்விசிறி சுற்றியது. முந்நூறைத் தாண்டியபோது என் மணிக்கட்டே வலித்தது. ஐந்நூறில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பின்னால் ஆ-தெக் ஏதோ முணுமுணுப்பதும், சாய் அக்கா "அமைதி, அமைதி" என்பதும் காதில் விழுந்தன. டீச்சரின் குரல் மட்டும் எந்த வேகத்தில் தொடங்கியதோ அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தது. ஒரு மணி இருபது நிமிஷம்.

செல்லாத சீட்டு ஒன்பது. ஒண்ணாம் நம்பர் சியூ நானூற்றுப் பதினொன்று. ரெண்டாம் நம்பர் வெங் நானூற்றுப் பன்னிரண்டு. மொத்தம் எண்ணூற்று முப்பத்திரண்டு. நான் தாளைக் கூட்டிப் பார்த்தேன். சாய் அக்கா கூட்டிப் பார்த்தார். கட்டுக்கட்டாக வைத்த சீட்டுகளையும் எண்ணிப் பார்த்தோம். எல்லாம் ஒத்துப்போயின. வெங்கின் ஆட்கள் வாசலில் பட்டாசு வெடித்தார்கள். வெங் ஸு-மெய் கடையில் கட்டியிருந்த ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. கடையிலிருந்து ஓடிவந்து, "நிஜமாவா? நிஜமாவா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

திரும்பிப் பார்த்தேன். டீச்சர் சுவரோரம் தரையில் உட்கார்ந்து, காலை நீட்டி, பாட்டிலில் உப்புத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எப்படி இருந்துச்சு அண்ணே?"

"எண்ணூத்தி முப்பத்திரண்டு. ஒரு கோடுகூட அழிக்கல."

"பின்ன என்ன" என்றார். கணவர் வந்து ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். ஞாயிறும் திங்களும் அவர் கட்டிலை விட்டு எழவில்லை. அந்தக் கணக்கு அவருக்கு முன்பே தெரியும். திங்களுக்கான விடுப்பு விண்ணப்பத்தை வெள்ளிக்கிழமையே என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் தேர்தலுக்கு வந்திருந்தார்.

வீடியோ வந்தது ஞாயிறு மத்தியானம். போனில் வார்டுக்காரர்கள் வைத்திருக்கும் 'லைன்' செயலிக் குழுவில் ஆ-தெக் போட்டிருந்தார். ஐம்பது நொடிதான். டீச்சர் சீட்டைத் தூக்குகிறார். கை நடுங்குகிறது. மேலுதட்டில் வியர்வை. பிறகு படம் அவர் மணிக்கட்டுக்கு நெருங்கிப் போகிறது. கடிகாரத்தில் இதயத்துடிப்பு: 138. கீழே ஆ-தெக் எழுதியிருந்தது இதுதான்: "யோக்கியமா வாசிக்கிறவங்களுக்கு ஏன் கை நடுங்கணும்? ஏன் நெஞ்சு இப்படி அடிச்சுக்கணும்? ஒரு ஓட்டுல தோத்திருக்கோம். யோசிங்க மக்களே."

அன்றுதான் நான் முதன்முறையாக லாய் டீச்சர் சீட்டு வாசிப்பதைப் பார்த்தேன். பதினோரு வருஷமாகக் கேட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, நாலைந்து சீட்டுக்கு ஒருமுறை கை மாற்றி, நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கி... அந்தக் குரலுக்குப் பின்னால் இவ்வளவு வேலை நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டேன். என் மனைவி, "என்னாச்சு, யாராச்சும் செத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

ஒரு வாரத்தில் அது ஊர் முழுக்கப் பரவியது. சந்தையில் மீன் வாங்கப் போனால் அதே பேச்சு. இரண்டு பெற்றோர்கள் பள்ளிக்கு போன் செய்து, பிள்ளையை வேறு வகுப்புக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார்கள். அந்த இரண்டு போனையும் எடுத்தது நான்தான். சியூ வென்-லுங் வழக்குப் போட்டார். சீட்டு வாசித்தவர் தடுமாறி ஓர் ஓட்டையாவது மாற்றிச் சொல்லியிருக்கிறார், மறுபடி எண்ண வேண்டும் என்று மனு.

பள்ளி முதல்வர் டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஏதோ கையெழுத்து வாங்க நானும் அங்கே நின்றிருந்தேன்.

"டீச்சர், ஒரு யோசனை சொல்றேன். அன்னிக்கு உடம்பு முடியல, அதனால ஏதாச்சும் தவறு நடந்திருந்தா மன்னிச்சுக்குங்கன்னு நாலு வரி எழுதிக் குடுத்துடுங்க. உடம்பு முடியாதவங்கள யாரும் நோண்ட மாட்டாங்க. விஷயம் அப்படியே அமுங்கிடும்."

டீச்சர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்தார். விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன.

"சார், எனக்கு உடம்பு முடியலங்கறது நிஜம். நான் தப்பா வாசிச்சேங்கறது பொய். ரெண்டையும் ஒரே வாக்கியத்துல எழுத மாட்டேன்."

"இது பள்ளியோட பேரு..."

"எட்டு டாக்டருங்க என்னைப் பாத்து, உங்களுக்கு ஒண்ணுமில்ல, பயம்தான்னு சொல்லியிருக்காங்க. அவங்ககிட்டயே நான் ஆமான்னு சொல்லல. ஆ-தெக்கிட்ட சொல்லுவேனா?"

முதல்வர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லி அவரைச் சமாதானப்படுத்துவேன் என்று. நான் கையெழுத்து வாங்க வந்த காகிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, "நாளைக்கு வர்றேன் சார்" என்று டீச்சருக்குப் பின்னாலேயே வெளியே வந்துவிட்டேன்.

நடைவழியில் அவர் தூணில் சாய்ந்து நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். "நூத்தி முப்பத்தொண்ணு" என்றார். "நல்ல வேளை, முதல்வர் கண்ணுல படல. நான் கோபமா இருக்கேன்னு நினைச்சிருப்பாரு."

"கோபமா இல்லியா?"

"இருக்கேன். ஆனா உள்ள போறதுக்கு முன்னாடியே நூத்தி முப்பதுதான்."

ஜூலையில் வழக்கு விசாரணைக்கு வந்தது. சாய் அக்கா, நான், டீச்சர் மூன்று பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். காரில் போகும்போது டீச்சர் பின்சீட்டில் படுத்துக்கொண்டே வந்தார். நீதிமன்றத்தில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்குமோ தெரியாது, அதுவரை ரத்தத்தைச் சேமிக்கிறேன் என்றார். வெங் ஸு-மெய் எங்களுக்காக அனுப்பிய முட்டை அடைப் பொட்டலங்களை சாய் அக்கா தொடவில்லை. "ஜெயிச்சவங்க குடுத்ததை இன்னிக்குச் சாப்பிட்டா அதையும் எவனாச்சும் வீடியோ எடுப்பான்" என்றார். நான் பசியோடு ஒத்துக்கொண்டேன்.

நீதிபதி ஐம்பது வயதுப் பெண்மணி. சியூ தரப்பு வக்கீல் இளைஞர், மடிப்புக் கலையாத சட்டை. வீடியோவைப் பெரிய திரையில் போட்டார்கள். நடுங்கும் கை சுவர் அளவுக்குத் தெரிந்தது. டீச்சர் அதை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருமதி லாய், உங்க கை ஏன் நடுங்குது?"

"வலிக்குது, அதனால."

"வேர்வை?"

"மே மாசம், அம்பது பேர் நின்ன கூடம். கூடவே இதயமும் ஓடுது."

"ஏன் ஓடுது?"

"அது ஒன்பது வருஷமா ஓடுது. காரணம் உங்களுக்குத் தெரிஞ்சா தயவுசெஞ்சு எனக்கும் சொல்லுங்க. எட்டு டாக்டருங்களுக்குத் தெரியல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது.

வக்கீல் விடவில்லை. "அப்படீன்னா நீங்களே ஒத்துக்கறீங்க. இந்த மாதிரி உடல்நிலையில இருக்கிற ஒருத்தர் இந்தப் பொறுப்பை எடுத்தது தப்பு இல்லையா? எங்க தரப்பு உங்க நேர்மையக்கூடக் கேள்வி கேக்கல. உங்க தகுதியத்தான் கேக்குது."

டீச்சர் எழுந்து நின்றார். உட்கார்ந்தே பேசலாம் என்று நீதிபதி ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆனாலும் எழுந்தார். எழுந்ததும் ஒரு கணம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அது எதற்கென்று தெரியும். தலைக்கு ரத்தம் ஏறக் காத்திருக்கிறார்.

"சீட்டு வாசிக்கக் கண்ணு வேணும், தொண்டை வேணும். எனக்கு ரெண்டும் நல்லா இருக்கு. கை நடுங்கினா சீட்டுல இருக்கிற முத்திரை ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குத் தாவாது. ஒவ்வொரு சீட்டையும் ரெண்டு பக்கமும் திருப்பிக் காட்டினேன். இவங்க ஆளுங்களே முன்வரிசையில நின்னாங்க. தப்பா வாசிச்சிருந்தா அப்பவே ஒருத்தர் கத்தியிருக்கலாமே? எண்ணூத்தி முப்பத்திரண்டு தடவ வாய்ப்பு இருந்துச்சு." மூச்சு வாங்கிக்கொண்டார். "மறுபடி எண்ணச் சொல்லித்தான் நானும் கேக்கிறேன் அம்மா. ஒரு பத்து சீட்டு எடுத்துப் பாத்துட்டு விடாதீங்க. எல்லாத்தையும் எண்ணுங்க. நான் இங்கயே இருந்து பாக்கிறேன்."

அவர் கண்ணில் நீர் இல்லை. குரல் அதே மீன் ஏலக் குரல். திரையில் நிறுத்திவைத்த வீடியோவில் அந்தக் கை அப்படியே நின்றிருந்தது.

எண்ணினார்கள். முத்திரை வைத்த பொதிகளை இரு தரப்பு வக்கீல்களும் பார்க்க உடைத்து, மூன்று நீண்ட மேசைகளில் பரப்பி, நீதிமன்ற ஊழியர்கள் ஒவ்வொரு சீட்டாக எடுத்துக் காட்டினார்கள். இங்கே கூவல் இல்லை. முணுமுணுப்பாக எண்கள் மட்டும். இரண்டரை மணி நேரம் ஆனது. டீச்சர் ஒரு மணி நேரம் நாற்காலியில் இருந்தார். பிறகு இடுப்பு தாங்காமல் எழுந்து சுவரில் சாய்ந்தார். பிறகு என் தோளைக் கேட்காமலே பிடித்துக்கொண்டார். அவர் பிடித்த இடத்தில் துடிப்பு அடிப்பது என் சட்டை வழியாகவே தெரிந்தது. அப்படி ஓர் ஓட்டம். அதை வைத்துக்கொண்டு இந்த மனுஷி தினமும் பள்ளிக்கு வந்து பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு என் மணிக்கட்டு வலியைப் பற்றி இனி யாரிடமும் புலம்பக் கூடாது என்று தோன்றியது. அப்புறமும் புலம்பியிருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

ஊழியர் ஒருவர் தாளை நீதிபதியிடம் நீட்டினார். அவர் படித்தார்.

"ஒன்றாம் எண், நானூற்றுப் பதினொன்று. இரண்டாம் எண், நானூற்றுப் பன்னிரண்டு. செல்லாதவை ஒன்பது. வாக்குச்சாவடி அறிக்கையோடு எந்த வேறுபாடும் இல்லை."

சியூ வென்-லுங் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். நல்ல பையன்தான். யாரோ தூண்டிவிட்டார்கள். சாய் அக்கா டீச்சரைக் கட்டிப்பிடிக்கப் போனார், பாதியில் நிறுத்தி, "எங்க தொட்டா வலிக்காது?" என்று கேட்டார்.

"காது" என்றார் டீச்சர். சாய் அக்கா அவர் காதைப் பிடித்து ஆட்டினார். நீதிமன்றத்து வாசலில், பட்டப்பகலில், இரண்டு அரசு ஊழியர்கள்.

காரில் ஏறும்போது டீச்சர் கடிகாரத்தை எனக்குக் காட்டினார். 137.

"உண்மையச் சொல்லட்டுமா அண்ணே? நீதிபதி அந்தத் தாளைப் படிக்கும்போது நிஜமாவே பயந்துட்டேன். ஆனா பாருங்க, கடிகாரத்துக்கு வித்தியாசமே தெரியல."

செப்டம்பரில் பள்ளி திறந்து இரண்டாவது வாரம், மத்தியான இடைவேளையில், ஆ-தெக் பள்ளி அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பை நிறையக் கொய்யா. டீச்சர் அப்போது என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து வெந்நீர்ப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார். அறையில் இன்னும் மூன்று நாலு ஆசிரியர்கள் இருந்தார்கள். எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

"டீச்சர்... கொய்யா. மாமியார் தோட்டத்துது."

"விலைக்கா?"

"ஐயோ, சும்மாதான்."

"சும்மா வீடியோ எடுத்தீங்க. சும்மா குழுவுல போட்டீங்க. இப்ப சும்மா கொய்யாவா?"

ஆ-தெக் பாக்குக் கறை படிந்த பல்லைக் காட்டிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "எனக்கு அந்த நோயெல்லாம் தெரியாது டீச்சர். ஒரு ஓட்டுல தோத்துட்டோம்னதும் மூளை வேலை செய்யல."

டீச்சர் மேசையிலிருந்து ஒரு பரீட்சைத் தாளை எடுத்து அவரிடம் நீட்டினார். "இதைப் பிடிங்க. நெஞ்சு உயரத்துக்கு மேல. எல்லாருக்கும் தெரியணும். இந்தப் பக்கம் ஒரு தடவ, அந்தப் பக்கம் ஒரு தடவ. நிறுத்தாதீங்க."

"எதுக்கு?"

"சும்மாதான்."

ஆ-தெக் பிடித்தார். நாள் முழுக்க இன்ஜின் தூக்குகிற கை. முதல் நிமிஷம் சிரித்துக்கொண்டே திருப்பினார். இரண்டாவது நிமிஷம் சிரிப்பு போனது. மூன்றாவது நிமிஷத்தில் அறையிலிருந்த எல்லோரும் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். நாலாவது நிமிஷம் தாள் காற்றில் இலை மாதிரி படபடத்தது.

"ஏன் நடுங்குது?" என்று டீச்சர் கேட்டார். "யாரை ஏமாத்தினீங்க?"

அறை வெடித்துச் சிரித்தது. ஆ-தெக் தாளை இறக்கிவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே கண்ணும் கலங்கியது என்றுதான் நினைக்கிறேன், முகத்தைத் திருப்பிக்கொண்டதால் சரியாகத் தெரியவில்லை.

"ஒரு மணி இருபது நிமிஷம் எப்படி நின்னீங்க?"

"நல்லா நின்னேன்" என்றார் டீச்சர்.

ஆ-தெக் அங்கேயே நின்று போனை எடுத்து, எழுதத் தெரியாதவர் மாதிரி ஒவ்வொரு எழுத்தாகக் குத்திக்கொண்டிருந்தார். எங்கள் எல்லோருடைய போன்களும் ஒரே நேரத்தில் ஒலித்தன. வார்டு குழுவில்: "டீச்சர் சரியாத்தான் வாசிச்சிருக்காங்க. நான்தான் தப்பா பாத்தேன். ஆ-தெக்." டீச்சர் படித்துவிட்டு, கொய்யாப் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எங்களுக்கு ஆளுக்கு ஒன்று கிடைத்தது. நல்ல கொய்யா. உப்பு தொட்டுத் தின்றோம். டீச்சர் உப்பை மற்றவர்களைவிட நாலு மடங்கு தொட்டார்.

வகுப்பு மாற்றிக் கேட்ட இரண்டு பெற்றோர்களில் ஒருவர் திரும்ப வந்து, இந்த வருஷம் நாலாம் வகுப்புக்கு வந்த இளைய பிள்ளையை லாய் டீச்சர் வகுப்பிலேயே விட முடியுமா என்று கேட்டார். முடியாது, இடம் நிரம்பிவிட்டது என்றேன். உண்மையில் ஓர் இடம் இருந்தது. இது டீச்சருக்குத் தெரியாது. தெரிந்தால் திட்டுவார்.

ஜனவரியில் நாடு முழுக்கத் தேர்தல். ஆளுக்கு மூன்று சீட்டு, எண்ணி முடிக்க வெகுநேரம் ஆகும். அவர் பெயரும் வேலைப் பட்டியலில் வந்தது. பயிற்சிக் கூட்டத்தில், எங்கள் ஊர் நகர அலுவலகத்தின் நூறு பேர் முன்னிலையில், அவர் கையை உயர்த்தி எழுந்தார்.

"என்னால பாதிதான் வாசிக்க முடியும். மீதிப் பாதிக்கு இன்னொருத்தர் வேணும்."

எங்கோ ஓரத்தில் குசுகுசுப்பு. டீச்சர் உட்காரவில்லை. முடியாது என்று சொல்லும்போதுகூட அவர் கழுத்து வளையவில்லை. சீட்டைத் தூக்கிக் காட்டுவது போலத்தான் அதையும் சொன்னார், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

சாய் அக்கா மேடையிலிருந்து, "எந்தப் பாதி வேணும்?" என்று கேட்டார்.

"முதல் பாதி. ஜனம் நிறைய நிக்கும்."

தேர்தல் அன்று முதல் பாதியில் அவர் வாசித்தது ஆயிரத்து நூற்று நாலு சீட்டு. சுவரைப் பார்த்து நின்ற நான் ஒரு கோட்டைக்கூட அழித்து எழுத வேண்டியிருக்கவில்லை.